தண்ணீர் எங்கே போச்சு?

1958-ம் வருடம். அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் நாட்டிலஸ் என்றொரு நீர்மூழ்கிக் கப்பல் வந்து நின்றிருந்தது. லேசுப்பட்ட கப்பல் இல்லை. உலகத்திலேயே அணுசக்தியில் ஓடிய முதல் நீர்மூழ்கி. அடுத்து அது எங்கே போகப் போகிறது என்பது பரம ரகசியம். வட துருவத்தின் பனிப்பாளத்துக்கு அடியில் புகுந்து, பூமியின் உச்சந்தலையைக் கடந்து, அந்தப் பக்கம் வெளியே வரவேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானத்தில் விட்டு அமெரிக்காவின் மானத்தை வாங்கியிருந்தது. பதிலுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும்.

எல்லாம் தயார். ஒரே ஒரு சிக்கல். லீக்!

அணு உலையின் சூட்டில் நீராவி உண்டாகும். அந்த நீராவி டர்பைனைச் சுற்றிவிட்டுக் கண்டென்சருக்கு வரும். அங்கே குழாய்களுக்குள் கடல்நீர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் குளிர்ச்சியில் நீராவி மறுபடி தண்ணீராகும். இதில் எங்கோ ஓர் இடத்தில் கடல்நீர் கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போனால் எல்லாவற்றையும் அரித்துத் தின்றுவிடும். தலைக்கு மேலே பனிப்பாளம் இருக்கும்போது, ‘கொஞ்சம் மேலே வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. எத்தனை தேடியும் ஓட்டை எங்கே என்று பிடிபடவில்லை.

கப்பலின் கேப்டன் ஆண்டர்சனுக்கு ஒரு யோசனை. மாலுமிகளை மஃப்டியில் ஊருக்குள் அனுப்பினார். போனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட டப்பாக்களை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். எல்லாம் என்ன? கார் ரேடியேட்டர் ஒழுகினால் ஊற்றுவார்களே, ஸ்டாப் லீக். அதேதான்! கண்டென்சரில் ஊற்றினார்கள். கசிவு நின்றது. 1958 ஆகஸ்ட் 3-ம் தேதி, 116 பேரைச் சுமந்துகொண்டு நாட்டிலஸ் வட துருவத்தைத் தாண்டியது.

இந்தக் கதையைக் கேட்டால் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம் வரும். ‘பார்த்தீர்களா, அணுசக்தி நீர்மூழ்கிக்கே ஒரு டப்பா மருந்து போதும். என் வண்டிக்கு என்ன?’

அங்கேதான் தப்பு செய்கிறோம். நாட்டிலஸ்காரர்கள் முதலில் தேடினார்கள். தேடித் தேடிக் கிடைக்காமல், நாள் நெருங்கி, வேறு வழியே இல்லாமல்தான் ஊற்றினார்கள். நாமோ தேடுவதே இல்லை. நேரடியாக ஊற்ற ஆரம்பித்துவிடுகிறோம். முதலில் தண்ணீர். அப்புறம் மருந்து. கடைசியில் இன்ஜின் விலைக்குப் பணம்!

நான் படித்தது காமர்ஸ். இன்ஜினீயரிங் அல்ல. ஆனால் ரேடியேட்டர் விஷயத்தில் காமர்ஸ் படிப்பு ரொம்பவே உதவும். கல்லாவில் பணம் குறைகிறது என்றால் கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? தன் பாக்கெட்டிலிருந்து போட்டு நிரப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவாரா? போகமாட்டார். எங்கே போயிற்று என்று பார்ப்பார். கார் தண்ணீரும் அப்படித்தான். குறைகிறது என்றால் அது போகக்கூடிய வழிகள் மூன்றே மூன்று. வெளியே ஒழுகிப் போகலாம். இன்ஜின் ஆயிலோடு கலக்கலாம். பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து சைலன்சர் வழியாக ஆவியாகலாம். நாலாவது வழி கிடையாது.

எந்த வழி என்று கண்டுபிடிக்க, கார் எப்படித் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொண்டது என்ற சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் போதும். உங்கள் வண்டியில் ஒழுகுகிற ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது.

*

1886 ஜனவரி 29. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கிறார். அந்த வண்டியில் இன்றைய அர்த்தத்தில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். இன்ஜின் சூட்டில் அது கொதிக்கும். ஆவியாகிக் காற்றோடு போய்விடும். போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் டெக்னாலஜி.

நம் வீட்டு மண்பானை மாதிரி. பானை கசிகிறது, கசிந்தது ஆவியாகிறது, அதனால்தான் உள்ளே இருக்கிற தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. கசியாத பானை குளிராது. பென்ஸின் காரும் தண்ணீரை இழந்தால்தான் பிழைக்கும். இழப்புதான் அதன் டிசைனே.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸைமில் இருந்த அம்மா வீட்டுக்குக் காரிலேயே போய்ச் சேர்ந்தார். சுமார் 100 கிலோமீட்டர். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாத கதை, தண்ணீர். போகிற வழியெல்லாம் கண்ட இடத்தில் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போனார்கள். யாரும் அதை ரிப்பேர் என்று நினைக்கவில்லை. குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதில்லையா, அதுபோலத்தான்.

இந்தப் பழக்கம் நம் மனதிலிருந்து இன்னும் போகவில்லை என்பதுதான் ஆச்சரியம். ‘பழைய வண்டின்னா தண்ணி குடிக்கத்தான் சார் செய்யும்’ என்று சொல்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1888-ல் அது சரி. அப்புறம் வந்த எந்தக் காருக்கும் அது சரியில்லை. காரணம், வில்ஹெல்ம் மேபாக் என்ற மனிதர்.

1900-ம் வருடக் கடைசியில் டெய்ம்லர் கம்பெனிக்காக மேபாக் ஒரு காரை வடிவமைத்து முடித்தார். பெயர் மெர்சிடிஸ். 35 குதிரைச் சக்தி. அத்தனை சக்தி என்றால் அத்தனை சூடு. ஆவியாக்கிச் சமாளிப்பதென்றால் பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி வரவேண்டும். மேபாக் வேறு மாதிரி யோசித்தார். 8,070 சின்னஞ்சிறு குழாய்களை அடுக்கி, தேன்கூடு மாதிரி பற்றவைத்தார். குழாய்களுக்குள்ளே காற்று, அவற்றைச் சுற்றித் தண்ணீர். பின்னால் ஒரு ஃபேன். தண்ணீர் சூட்டைக் காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்ப இன்ஜினுக்கே வந்துவிடும். தேவைப்படுகிற தண்ணீர் பாதியாகி 9 லிட்டருக்கு வந்தது. 1901 மார்ச்சில் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் நடந்த பந்தயங்களில் அந்தக் கார் மற்ற எல்லாவற்றையும் கிழவனாக்கிவிட்டது.

அன்றைக்குத்தான் கார் தண்ணீருக்கு வெளியே போகிற கதவு சாத்தப்பட்டது. இழப்பு என்பது டிசைன் என்ற அந்தஸ்திலிருந்து இறங்கிக் கோளாறு ஆனது. லீக் என்ற வியாதி பிறந்ததும் அப்போதுதான்.

8,070 குழாய் என்றால் எத்தனை ஆயிரம் பற்றவைப்பு? ஒவ்வொன்றும் ஒரு பலவீனமான இடம். வண்டி குலுங்கக் குலுங்க ஏதாவது ஒன்று விடும். பழைய பித்தளை ரேடியேட்டர்களில் இன்றைக்கும் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்தப் பற்றவைப்புகள்தான். சொட்டுவதைத் தேடாதீர்கள். ஓடுகிற இன்ஜின் சூட்டில் சொட்டு நிற்காது, காய்ந்துவிடும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு படிந்திருக்கும். அந்தக் கறைதான் சாட்சி. பித்தளை என்றால் ஈயம் வைத்துப் பற்றவைக்க நல்ல ஆள் கிடைப்பார். பிற்காலத்தில் வந்த பிளாஸ்டிக் தொட்டி, அலுமினிய ரேடியேட்டர் என்றால் பிளாஸ்டிக்கில் விழுந்த விரிசலை ஒட்டிப் பிரயோஜனமில்லை. மாற்றிவிடுவதுதான் மிச்சம்.

*

அடுத்த பிரச்னை, தண்ணீரை யார் சுற்றிவிடுவது?

1908-ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. முதல் இரண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் கார்களில் பம்ப் இருந்தது. அப்புறம் ஃபோர்டு அதைத் தூக்கிப்போட்டார். சூடான தண்ணீர் மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். இயற்கையே சுற்றிவிடும்போது தனியாக ஒரு பம்ப் எதற்கு? சிக்கனத்துக்குப் பெயர்போன மனிதர். கோடிக்கும் மேல் விற்ற மாடல் டி, பம்ப் இல்லாமலேயே உலகம் சுற்றியது. மேட்டில் ஏறினால் கொதிக்கும். நிறுத்தி, ஆறவிட்டு, ஊற்றிவிட்டு ஏறவேண்டும்.

சக்தி கூடக் கூட இயற்கையின் வேகம் போதவில்லை. பம்ப் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. கூடவே இன்னொரு லீக்கும். சுழலுகிற தண்டு ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறது. அந்த இடத்தை அடைத்து நிற்பது ஒரு சின்ன சீல். அது தேயாமல் இருக்குமா?

இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். பம்பின் அடிவயிற்றில் வேண்டுமென்றே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே வரும். ‘எனக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள்’ என்று பம்பே கொடுக்கிற நோட்டீஸ். சில புத்திசாலிகள் அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள். புகார் கொடுக்க வந்தவன் வாயைப் பொத்துகிற மாதிரிதான் இது. தண்ணீர் பேரிங்கைத் தின்னும். பேரிங் உடைந்தால் ஃபேன் முன்னால் நகர்ந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும்.

*

குளிர் நாடுகளில் இன்னொரு தொல்லை. தண்ணீர் உறைந்தால் சுமார் ஒன்பது சதவிகிதம் விரியும். ராத்திரி வெளியே நிறுத்திய காரின் இரும்பு இன்ஜின், காலையில் பிளந்து கிடக்கும். உறையாமல் இருக்க என்னென்னவோ கலந்து பார்த்தார்கள். உப்பு போட்டார்கள், அரித்தது. ஆல்கஹால் ஊற்றினார்கள், ஆவியாகிப் போனது. தேனும் சர்க்கரையும்கூட ஊற்றிப் பார்த்தார்கள். நம்புங்கள்!

விடை ஏற்கெனவே ஒரு ஃபிரெஞ்சுக்காரரின் குடுவையில் இருந்தது. 1850-களில் சார்ல் அடால்ஃப் வூர்ட்ஸ் என்ற வேதியியல் நிபுணர் தயாரித்த எதிலீன் கிளைக்கால். பல வருடங்கள் அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. 1927-ல் அமெரிக்காவில் பிரெஸ்டோன் என்ற பெயரில் கார்களுக்காகக் கடைக்கு வந்தது. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. கொதிப்பதற்கும் நூறு டிகிரியைத் தாண்டவேண்டும்.

வேடிக்கை பாருங்கள். அதே 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தை விமானத்தில் தாண்டினார். முப்பத்து மூன்றரை மணி நேரம். அவருடைய இன்ஜினில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. காற்றால் குளிரும் இன்ஜின். தண்ணீரைச் சீர்திருத்துவதா, தண்ணீரே வேண்டாம் என்று தலைமுழுகுவதா? இரண்டு கட்சிகளும் ஒரே வருடத்தில் தத்தம் கொடியை ஏற்றிவிட்டன.

சரி, பனி என்பதையே பார்க்காத சென்னைக்கும் மதுரைக்கும் இந்த உறையா மருந்து எதற்கு? நியாயமான கேள்வி. பதில், உறைவது அல்ல விஷயம்; துரு. கூலன்ட்டில் கிளைக்கால் மட்டும் இருப்பதில்லை. துருவையும் அரிப்பையும் தடுக்கிற ரசாயனங்களும் இருக்கும். அவைதான் நமக்கு முக்கியம். அந்த ரசாயனம் சில வருடங்களில் செத்துவிடும். பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

நம் ஊர் போர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். சுடுகிற பாத்திரத்தில் வெள்ளையாக உப்பு படிகிறதே, அது ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். ஆகவே பேட்டரிக்கு வாங்குகிற டிஸ்டில்டு வாட்டர்தான் ரேடியேட்டருக்கும். நிறத்தைப் பார்த்து எதையும் எதோடும் கலக்கவும் கூடாது. பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனி போட்ட சாயம்தான். வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அந்த வகை.

‘கூலன்ட் ஊத்தினதும்தான் சார் ஒழுகவே ஆரம்பிச்சுது’ என்று சிலர் சொல்வார்கள். பொய்யில்லை. ஓட்டையை அதுவரை துரு அடைத்துக்கொண்டிருந்தது. நல்ல கூலன்ட் துருவைக் கழுவியது. ஓட்டை முன்பே இருந்தது. இப்போது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

*

இப்போது இந்தச் சரித்திரத்தின் மிகப் பயங்கரமான அத்தியாயத்துக்கு வருவோம்.

1934-ல் இங்கிலாந்தின் ரெஜினால்ட் மிட்செல் ஒரு போர் விமானம் செய்தார். டைப் 224. அதில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியை இறக்கைக்குள் ஓடவிட்டுக் குளிரவைத்துத் திரும்ப இன்ஜினுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. கிட்டத்தட்ட பென்ஸின் பழைய வித்தை. வேலைக்கு ஆகவில்லை. சூடு தாங்காமல் விமானம் தோற்றது. மிட்செல் அடுத்த விமானத்துக்குக் கிளைக்காலைத் தேர்ந்தெடுத்தார். சூட்டைத் தாங்கும் என்பதால் சின்ன ரேடியேட்டரே போதும். 1936 மார்ச் 5-ம் தேதி அந்த விமானம் பறந்தது. பெயர், ஸ்பிட்ஃபயர்.

1940-ல் ஜெர்மனியின் விமானப்படை இங்கிலாந்து மீது பாய்ந்தபோது தடுத்து நின்ற விமானங்களில் முக்கியமானது இது. வேகம், லாகவம் எல்லாம் சரி. ஆனால் ரேடியேட்டரில் ஒரே ஒரு குண்டு துளைத்தால் போதும். வெள்ளைக் கோடாகக் கிளைக்கால் வானத்தில் கொட்டும். எதிரிக்கு அது பட்டவர்த்தனமான அடையாளம். விமானிக்கு மிச்சமிருப்பது சில நிமிடங்கள். அதற்குள் இறங்கவேண்டும் அல்லது குதிக்கவேண்டும். குளிர்விக்க ஆளில்லாத இன்ஜின் இறுகிப்போய்விடும். அவர்களைச் சுட்ட ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கும் இதே தலைவிதிதான். அதுவும் கூலன்ட் கட்சி.

உங்கள் கார் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது, ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போயிடலாம்’ என்று தோன்றுமே, அப்போது இந்த விமானிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கீழே கடல் இருந்தது. உங்களுக்கு ரோட்டோரம் இருக்கிறது. ஒதுக்கி நிறுத்துங்கள். ஏ.சி.யை அணையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது சும்மா இருங்கள். பச்சைத் தண்ணீரை எடுத்துச் சுடச்சுட ஊற்றினால் இன்ஜின் விரிசல் விடும்.

மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அதற்குள் இருப்பது பிரஷர் குக்கர். அழுத்தத்தில் தண்ணீர் தாமதமாகக் கொதிக்கும் என்பதால் மூடியில் ஸ்பிரிங் வைத்தார்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் 4, 7 பவுண்டு அழுத்தம். பிற்பாடு 13, 15 என்று ஏறியது. 15 பவுண்டில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். திறந்த கணம் அழுத்தம் போய்விடும், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். எத்தனையோ பேர் வாங்கிய தழும்பு அது.

மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனாலே தண்ணீர் குறையும். மூடி மலிவான சாமான். முதலில் அதைப் பாருங்கள். மாற்றும்போது அதே பவுண்டு பார்த்து வாங்குங்கள். 7 பவுண்டு வண்டிக்கு ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’ என்று 15 பவுண்டு மூடி போட்டால் மூடி நன்றாகத்தான் இருக்கும். ஹோஸ் வெடிக்கும்.

*

தண்ணீரே வேண்டாம் என்ற கட்சி என்ன ஆனது? ஃபெர்டினாண்ட் போர்ஷே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைக் காற்றால் குளிர்வித்தார். காற்று உறையாது, கொதிக்காது, ஒழுகாது. இரண்டு கோடிக்கும் மேல் விற்று, 2003-ல் மெக்ஸிகோவில் கடைசி பீட்டில் வெளியே வந்தது. ஆனாலும் அந்தக் கட்சி தோற்றது. காற்றால் குளிரும் இன்ஜின் சத்தம் போடும். சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுக இறுகச் சமாளிக்க முடியவில்லை. அந்தக் கம்பெனியே 1970-களில் தண்ணீருக்கு மாறிவிட்டது. 1990-களின் கடைசியில் போர்ஷே 911-ம் மாறியது. ஆக, காரில் தண்ணீர் தவிர்க்க முடியாதது. லீக்கும்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். அம்பாஸடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாவது சீரிஸின் அச்சு அசல் வாரிசு. 1950-களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்தார்கள். இன்ஜின் பிளாக்கும் இரும்பு, மேலே இருக்கிற ஹெட்டும் இரும்பு. யானை மாதிரி. ஊட்டி, கொடைக்கானல் ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்க நின்ற அம்பாஸடர்களைப் பார்க்காத தலைமுறை ஏது? ஆறியதும் ஊற்றுவார்கள். கிளம்பும். மன்னிக்கிற குணம் அந்த இரும்புக்கு இருந்தது.

அப்போது நம் நாட்டிலஸ் வைத்தியம், மஞ்சள் தூள். ரேடியேட்டரில் ஒரு கை மஞ்சள் தூளைப் போட்டால் அது ஊறி, ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். நடுக்காட்டில் நின்றால் ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் மஞ்சளுக்கும் ஸ்டாப் லீக்குக்கும் கண் கிடையாது. ஓட்டையையும் அடைக்கும், மெல்லிய குழாயையும் அடைக்கும். ஊருக்கு வந்ததும் கழுவிவிட்டு ஓட்டையைச் சரிசெய்யவேண்டும். வருடக்கணக்கில் உள்ளேயே விட்டால் அப்புறம் ஒழுகாது, கொதிக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் அந்தக் காலத்து வழக்கம். ‘நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு சார்?’ தெர்மோஸ்டாட் குளிருக்காக வைத்தது அல்ல. இன்ஜின் சரியான சூட்டுக்குச் சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால் பெட்ரோலும் கூடுதலாகும், தேய்மானமும் கூடும்.

1983-ல் மாருதி 800 வந்தது. சின்ன இன்ஜின், லேசான அலுமினிய ஹெட். அதன் பிறகு வந்த கார்கள் எல்லாமே ஏறக்குறைய இந்த வழிதான். அலுமினியத்துக்கு அம்பாஸடரின் மன்னிக்கிற குணம் கிடையாது. ஒருமுறை நன்றாகக் கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். வளைந்தால் இரண்டுக்கும் நடுவே இருக்கிற கேஸ்கட் போகும். கேஸ்கட் போனால் தண்ணீர் ஆயிலோடும் நெருப்போடும் கைகுலுக்கும். பழைய வண்டிக்காரர்கள் செய்கிற பெரிய தவறு, அம்பாஸடர் காலத்துப் பழக்கத்தை அலுமினியக் காரிடம் காட்டுவதுதான். இன்றைக்கு ‘பழைய கார்’ என்றால் பெரும்பாலும் அலுமினியக் கார்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

*

இனி கணக்கைத் திறக்கலாம். வரிசையாக.

காலையில், இன்ஜின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது பாருங்கள். இரவு முழுக்க வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வையுங்கள். கறை எந்த இடத்துக்கு நேராக விழுந்திருக்கிறது என்று தெரியும். ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு சொட்டுகிற நிறமில்லாத, வாசனையில்லாத தண்ணீரைப் பார்த்துப் பதறவேண்டாம். அது காற்றிலிருந்த ஈரம். கூலன்ட் என்றால் விரலில் வழவழக்கும், நிறம் இருக்கும், ஒரு தித்திப்பான வாடை அடிக்கும். நாக்கில் வைத்துப் பார்த்துவிடாதீர்கள்!

தனி பாட்டில் இல்லாத பழைய வண்டி என்றால் ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். சூடானால் தண்ணீர் விரியும். மிச்சத்தை ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் துப்பும். மறுநாள் ‘குறைந்துவிட்டதே’ என்று மறுபடி நிரப்புவீர்கள். மறுபடி துப்பும். இது லீக்கே அல்ல. மேலே ஓர் அங்குலம் இடம் விட்டால் தானாக நின்றுவிடும்.

அடுத்து ஹோஸ்கள். கையால் அழுத்துங்கள். கல்லாக இறுகியிருந்தாலும் மாற்றவேண்டும், களியாகக் குழைந்தாலும் மாற்றவேண்டும். முனைகளில் கிளிப்பை இறுக்குங்கள். அப்புறம் பம்பின் துளை. அப்புறம் ரேடியேட்டரின் பொருக்கு. அப்புறம் இன்ஜின் பக்கவாட்டில் காசு மாதிரி வட்டமாக அடித்து வைத்திருக்கிற கோர் பிளக்குகள். வார்ப்பு மணலை எடுக்க வைத்த ஓட்டைகளின் மூடிகள் அவை. உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துளை விழும். ஹீட்டர் இருக்கிற வண்டியில் முன்சீட்டுக் கால்மிதிக்கு அடியில் ஈரமாக இருந்தால், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் பனி படிந்தால், குற்றவாளி ஹீட்டர் ரேடியேட்டர்.

எதிலும் அகப்படவில்லையா? மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்டர் இருக்கும். மூடி இருக்கிற இடத்தில் அதை மாட்டி, கையால் பம்ப் செய்து, மூடியில் எழுதியிருக்கிற பவுண்டு வரை ஏற்றுவார். ஓடாத இன்ஜினில், சூடில்லாமல், ஓட்டை தன்னைக் காட்டிக்கொடுக்கும். முள் இறங்குகிறது, ஆனால் வெளியே ஈரமே இல்லை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது என்று அர்த்தம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் விட்ட காபி நிறமா? கிட்டத்துக்குக் கிட்டத்தில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு மூடியில் கொஞ்சம் இப்படிப் படியும். ஆயில் அளவுக் குச்சியிலும் அதே நிறம் என்றால்தான் கவலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகையா? ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டருக்குள் குமிழ் குமிழாக நிற்காமல் வருகிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கட். இதற்கு எந்த டப்பா மருந்தும் வைத்தியமில்லை. ஹெட்டைக் கழற்றி, வளைவு பார்த்து, லேத்தில் சமன் செய்து, புதுக் கேஸ்கட் போடவேண்டும். அதுவரை வண்டியை எடுக்காமலிருப்பதுதான் லாபம்.

வடித்த கூலன்ட்டை வாசலில் கொட்டாதீர்கள். இனிக்கிற விஷம் அது. நாயும் பூனையும் தேடி வந்து நக்கும். சிறுநீரகம் போய்விடும். 2022-ல் காம்பியாவில் குழந்தைகள் இறந்தபோது சந்தேகத்துக்குள்ளான இருமல் சிரப்புகளில் உலக சுகாதார நிறுவனம் கண்டது இதே எதிலீன் கிளைக்காலையும் இதன் பங்காளி டைஎதிலீன் கிளைக்காலையும்தான். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலைக் கொடுக்கிற மாதிரி ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பாதி காலியான டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கடைசியாக ஒரு காமர்ஸ்காரனின் யோசனை. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐம்பது மில்லி என்றால் மூடி, கிளிப் என்று சின்னதாக ஏதோ. வாரம் அரை லிட்டர் என்றால் உடனே ஆளைப் பிடிக்கவேண்டும். எண் ஏறிக்கொண்டே போகிறதா, நோட்டை எடுத்துக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் போங்கள். ‘வண்டி தண்ணி குடிக்குது’ என்று மொட்டையாகச் சொல்பவரைவிட, ‘போன மாசம் 200 மில்லி, இந்த மாசம் 900 மில்லி’ என்று சொல்பவரின் வண்டியைத்தான் அவர் முதலில் திறப்பார்.